மாவுச் சூடு

அக்கா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்க. எழுந்திருக்க வேண்டாம், நகர்ந்தால் போதும். என் மடியில் இருக்கிற பெட்டியை யாரும் இடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சாப்பாடு இல்லை அக்கா. எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். கோத்தகிரியில் ஏறும்போது கண்டக்டர் அண்ணன், "என்ன பாப்பா, பிரியாணியா? வாசனையே வரல" என்றார். "கிருமிண்ணா" என்றேன். அதற்கப்புறம் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி டிக்கெட் கொடுத்தார். பால் தட்டு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் முதலில் வருவதுதான் வெளியே வரும். இரண்டாவதாக வருவது நல்ல பதிலாக இருக்கும், ஆனால் அது வருகிற வரைக்கும் யார் காத்திருப்பது?

நீங்களும் ஒதுங்குறீங்களே! கடிக்காது அக்கா. உள்ளே இருக்கிற தட்டுகளின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். இதோ, பெட்டியைத் திறந்தே காட்டுகிறேன், பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

இரண்டு தட்டு இருக்கிறதா? இடது கைப் பக்கம் இருப்பதைப் பாருங்க. ரவையை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் குடும்பம். ஒன்றாக இருந்தது பெருகிப் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. சரி, இப்போது வலது கைப் பக்கம். என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை, இல்லையா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. வெறும் ஜெல்லி. நீங்க கண்ணாடி வேறு போட்டிருக்கீங்க, உங்களுக்கே தெரியவில்லை என்றால் இல்லைதான்.

இரண்டும் ஒரே பால் அக்கா. ஒரே டேங்க், ஒரே நாள், ஊற்றியது இதே கை. ஒன்றை முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன். இன்னொன்றை மாவுச் சூட்டில் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்தைத்தான் மேட்டுப்பாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். இது போய்ச் சேர்ந்தால் கனகேஸ்வரி அக்கா பிழைத்தாள். சேரவில்லை என்றால் இன்று சாயங்காலத்தோடு அவள் பால் ஊற்றுவது ஒரேயடியாய் நின்றுபோகும்.

யார் கனகேஸ்வரியா? சொல்கிறேன். வரிசையாய்ச் சொன்னால்தான் புரியும், எனக்கு வரிசையாய்ச் சொல்ல வராது, நீங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

என்ன, சால்வையா? உங்களுக்குக் குளிராதா? ரொம்ப நன்றி அக்கா. பெட்டியைச் சுற்றி இப்படிக் கட்டிவிட்டால் ஆடாமல் இருக்கும். குளிர்காற்றும் படாது. எங்கள் வீட்டிலும் மாவுப் பாத்திரத்தை இப்படித்தான் கம்பளி சுற்றி அடுப்பு ஓரம் வைப்போம்.

என் பெயர் தயாளினி. பிளஸ் டூ முடித்தேன். முடித்தேன் என்றால், பள்ளிக்கூடம் என்னை முடித்துவிட்டது. கெமிஸ்ட்ரியில் பெயில். திரும்ப எழுதினேன், முதல் தடவையைவிடக் குறைவு. அப்படியே கீழே போய்க்கொண்டே இருக்கும் போலிருந்தது, சரி போதும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பாதான், "விடு, எல்லாரும் டாக்டரானா யார் ஊசி போட்டுக்கிறது" என்றார். எங்கள் ஊரில் ஒரு பால் கம்பெனியின் சேகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே லேபுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கெமிஸ்ட்ரி பெயிலானவளை லேபில் வைக்கிறார்கள் என்றால் அந்த லேப் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்க.

ஒரு அறைதான். ஒரு சிங்க், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இன்குபேட்டர். இன்குபேட்டர் என்றால் குட்டி பீரோ மாதிரி, கண்ணாடிக் கதவு போட்டிருக்கும், உள்ளே ஒரே சூடாக இருக்கும். ஊரில் எல்லாரும் கொண்டு வந்து ஊற்றுகிற பால் ஒரு பெரிய டேங்கில் சேரும். தினமும் காலையில் அந்த டேங்கில் இருந்து கொஞ்சம் எடுத்து, நீர்க்க வைத்து, தட்டில் விட்டு, மேலே உருக்கின ஜெல்லியை ஊற்றுவேன். உறைந்ததும் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைப்பேன். மறுநாள் எடுத்துப் புள்ளியை எண்ணுவேன். புள்ளி குறைவாக இருந்தால் பால் சுத்தம். கூடினால் எங்கேயோ அழுக்கு. இன்குபேட்டர் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, முப்பத்தேழு என்று. ஏன் முப்பத்தேழு? நான் கேட்கவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஸ்டிக்கரில் இருக்கிறது, வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பழகினதுதானே.

ஒரு மாசம் ஒழுங்காய்ப் போனது. அப்புறம் மாவு வந்தது.

எங்கள் மேனேஜர் சோலைராஜன் சார் மதுரைக்காரர். டிரான்ஸ்பரில் வந்தவர். அவருக்கு இட்லி இல்லாமல் பொழுது விடியாது. மார்கழியில் எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே? இரவு அரைத்து வைத்த மாவு காலையில் அரைத்தது அரைத்தபடி இருக்கும். சார் வீட்டில் உமையாள் மேடம் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். வெந்நீர்ப் பானை பக்கத்தில் வைத்தார்கள், பல்பு போட்டு வைத்தார்கள். இட்லி வந்தது, சார் அதைத் தட்டில் தட்டிக் காட்டினாராம், டக் டக் என்று சத்தம் கேட்டதாம்.

ஒரு நாள் சாயங்காலம் சார் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவோடு லேபுக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"தயா, உள்ள இடம் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"ஒரு சாம்பிள்."

திறந்து பார்த்தேன். உளுந்து வாசனை. "சார், மாவு" என்றேன். "சத்தமாச் சொல்லாத" என்றார்.

நான் என்ன செய்தேன்? நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை அக்கா. மேனேஜர் வீட்டு மாவை என்னை நம்பிக் கொடுக்கிறார்! கீழ்த்தட்டைக் கழற்றி, பால் தட்டுகளை மேலே அடுக்கி, டப்பாவை ராணி மாதிரி நடுவில் உட்கார வைத்தேன்.

மறுநாள் கதவைத் திறந்தால் டப்பா மூடி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். முப்பத்தேழு டிகிரியில் பொங்கிப் பொங்கி வழிந்து, கண்ணாடிக் கதவில் கோலம் போட்டு, கீழே சொட்டிக் காய்ந்து கிடந்தது. புளிப்பு நாற்றம் டேங்க் வரைக்கும் அடித்தது. டேங்க் ரூமில் வேலை செய்கிற பெனடிக் அண்ணன் வந்து, "யாரு தயா, தோசைக்கடை போட்டுட்டியா?" என்றார். துடைத்துத் துடைத்து என் கை வெளுத்துப்போனது. சார் இட்லியைத் தின்றுவிட்டு வந்து, "புளிக்குது. சூட்டைக் குறை" என்றார். இருபத்தெட்டில் வைத்தேன். மாவு அழகாய் வந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து மூன்று மாசம் அந்த இன்குபேட்டர் இருபத்தெட்டில்தான் ஓடியது.

இப்போது கேட்டால் யாருக்கும் தெரியும், இல்லையா? சூடு குறைந்தால் மாவு மெதுவாய்ப் புளிக்கும். மாவைப் புளிக்க வைப்பதும் கிருமிதான். பக்கத்திலேயே பால் தட்டு. மாவுக்குச் சூடு குறைத்தால் மெதுவாகும் என்று தெரிந்தவளுக்கு, தட்டுக்கும் அதே கதிதான் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவே இல்லை அக்கா. மாவு ஒரு பாடம், பால் ஒரு பாடம் என்று என் மண்டைக்குள் தனித்தனி பீரியட் போட்டு வைத்திருந்தேன்.

என்ன ஆச்சு? ஏன் பஸ் நிற்கிறது? லாரியா? அந்த வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கிறது பாருங்க. முட்டைக்கோஸ் மூட்டை எல்லாம் சரிந்துவிட்டது. "அண்ணா, எவ்வளவு நேரம் ஆகும்?" கேட்டால் தோளைக் குலுக்குகிறார். இவர் தோளைக் குலுக்கினால் எனக்கு என்ன தெரியும்? சரி. நான் பொறுமையாக இருக்கிறேன். எனக்கு இப்போதெல்லாம் பொறுமை வந்துவிட்டது. "அண்ணா, இறங்கித் தள்ளலாமா?" பாருங்க, முறைக்கிறார்.

எங்கே விட்டேன்? புள்ளி குறைந்தது. மறுநாள் எண்ணும்போது தட்டில் அங்கொன்று இங்கொன்று. எனக்கே ஆச்சரியம். அதற்கு முந்தின வாரம்தான் சார் பால் ஊற்றுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று வகுப்பு எடுத்திருந்தார். விரல் இடுக்கு, நக இடுக்கு என்று அவரே கழுவிக் காட்டினார். ஆகவே வகுப்பினால்தான் பால் சுத்தமாகிவிட்டது என்று சார் முடிவு செய்தார். நானும் நம்பினேன். மேட்டுப்பாளையம் தலைமை பிளான்டில் இருந்து கேடயம் வந்தது அக்கா! சுத்தமான பால் நிலையம் என்று. சார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, போட்டோ. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். உங்களுடையது மாதிரி நல்லது இல்லை, ஜரிகை எல்லாம் கழுத்தில் குத்தியது. அப்பா அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு எங்கள் எஸ்டேட் லைன் வீடு முழுக்கக் காட்டினார். "கெமிஸ்ட்ரி பெயில்னு சொன்னாங்க. பாரு, கிருமியை விரட்டியிருக்கா."

கிருமி எங்கேயும் ஓடவில்லை. தட்டுக்குள்ளேயே குளிரில் சுருண்டு படுத்திருந்தது. நான் எண்ணும்போது அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற வயசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கனகேஸ்வரி அக்கா. எங்கள் லைனில் கடைசி வீடு. தேயிலை பறிக்கப் போனவள், முதுகு வலி தாங்காமல் நின்றுவிட்டாள். ஒரு மாடு வாங்கினாள். மாடு வாங்க என்னென்ன விற்றாள் என்று நான் சொல்லப்போவதில்லை, அது அவள் கதை. பங்குனி ஆரம்பத்தில் கன்று போட்டது. எங்கள் நிலையத்தில் பால் ஊற்ற வந்தாள். முதல் நாள் பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள் அக்கா, பால் ஊற்ற! பெனடிக் அண்ணன், "என்ன கனகு, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேலி செய்தார். "ஆமா, ஒன் மாட்டுக்கு" என்றாள்.

அதே வாரம் உமையாள் மேடம், மதுரையில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று அங்கே போய்விட்டார்கள். மாவு நின்றது. இன்குபேட்டரைச் சுத்தமாகத் துடைத்தேன். துடைக்கும்போது அந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. அட, முப்பத்தேழு என்று இருக்கிறதே என்று திருகிவிட்டேன். நல்ல பிள்ளையாய்.

மறுநாள் தட்டில் புள்ளியான புள்ளி. எண்ண முடியவில்லை. அதற்கடுத்த நாளும். சார் முகம் கறுத்துப்போனது. கேடயத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

"புதுசா என்ன வந்துச்சு?" என்றார்.

"கனகாக்கா பால்தான் சார் புதுசு" என்றேன்.

நான்தான் சொன்னேன் அக்கா. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான். சரி, அதோடு விட்டேனா? மறுநாள் வரிசையில் அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்து, "கையைக் கழுவிட்டுக் கறக்கணும்க்கா, அன்னிக்கு வகுப்புக்கு நீங்க வரல" என்று வேறு சொன்னேன். பதினெட்டு வயசு, சால்வை வாங்கின திமிர்.

அவள் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் கேனைக் கொண்டு வந்தாள், என் முகம் அதில் தெரிந்தது. புளியும் சாம்பலும் போட்டு அப்படித் தேய்த்திருந்தாள். அன்றும் தட்டில் புள்ளி. சார் அவள் பாலை வேண்டாம் என்று திருப்பிவிட்டார். கேனைத் தூக்கிக்கொண்டு நேரே லேப் ஜன்னலுக்கு வந்தாள்.

"பிள்ளை, நீ படிச்ச பிள்ளை. எங்க அழுக்குன்னு கைய வச்சுக் காட்டு. கழுவிட்டுப் போறேன்."

நான் படித்த பிள்ளை! ஜன்னலைச் சாத்தினேன். அன்றைக்கு அவள் வீட்டுப் பால் லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டம்ளர் டம்ளராய்ப் போனது. என் தம்பியும் குடித்துவிட்டு வந்து மீசையோடு நின்றான். "நல்லாத்தானே இருக்கு" என்றான்.

அவள் பாலை நிறுத்தின பிறகும் புள்ளி குறையவில்லை தெரியுமா? சார் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "அவ ஊத்துனது டேங்க்ல ஒட்டியிருக்கு" என்றார். பெனடிக் அண்ணன் டேங்கை மூன்று தடவை கழுவினார். நான்காவது தடவை, "சார், இனி கழுவினா டேங்க் ஓட்டையாயிடும்" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? நான் எங்கே கண்டுபிடித்தேன். மறந்தேன். இரண்டு இரண்டு தட்டாக ஊற்றுவது வழக்கம். ஒரு நாள் அவசரத்தில் ஒன்றை உள்ளே வைத்தேன், ஜோடியை மேஜை மேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் உள்ளே இருந்தது நிறையப் புள்ளி, மேஜையில் இருந்தது துடைத்துவிட்ட மாதிரி. முதலில் சந்தோஷம்தான் பட்டேன், மேஜைத் தட்டையே கணக்குக்குக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லவில்லை அக்கா, நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரே பால். மேஜையில் குளிர். உள்ளே சூடு. இருபத்தெட்டு. மாவு. கேடயம். கனகாக்கா. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து மண்டையில் விழுந்தது.

நேரே சார் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை. தட்டியிருக்க மாட்டேன்.

"சார், கனகாக்கா பால்ல ஒண்ணும் இல்ல. நம்ம பால்ல எப்பவும் இவ்வளவு கிருமி இருந்திருக்கு. மூணு மாசமா நாமதான் தப்பா எண்ணியிருக்கோம்."

"நாமன்னா?"

"நீங்க, நானு, மாவு."

சார் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு மாவு என்றாலே கதவைச் சாத்த வேண்டும்.

"தயா, நீ பிளஸ் டூல எதுல பெயிலு?"

"கெமிஸ்ட்ரி சார். ஆனா இது கெமிஸ்ட்ரி இல்ல, இது பயாலஜி. அதுல பாஸ்."

"இட்லி மாவை வச்சு எவனாவது பால் தரத்தைப் பேசுவானா?"

"மாவை வச்சுத்தானே சார் கேடயமே வாங்கினோம்."

அவர் கெட்டவர் இல்லை அக்கா, நான் அதையும் சொல்ல வேண்டும். கேடயத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம், "சரி. இருபத்தெட்டுலயே வச்சிடு. எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"கனகாக்காவை உள்ள விடுவீங்களா?"

"எப்படி விடுறது? அந்தம்மாவாலதான் கூடுச்சுன்னு மேல எழுதியாச்சு. இப்ப உள்ள விட்டா, அப்ப எதனால கூடுச்சுன்னு கேப்பாங்க."

"மாவுன்னு சொல்லுங்க."

"ஒன் வேலையைப் பாரு."

வேலையைத்தான் பார்த்தேன். நேற்றுக் காலை டேங்க்கில் இருந்து பால் எடுத்தேன், இரண்டு தட்டு ஊற்றினேன். ஒன்றை இன்குபேட்டரில் முப்பத்தேழில். இன்னொன்றை ஒரு தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் பாட்டிலோடு வைத்து, தெர்மாமீட்டர் சொருகி, இருபத்தெட்டிலேயே நிற்கிற மாதிரி பாட்டிலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டேன். நேற்று ராத்திரி பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். அம்மா, "பிள்ளை மாதிரி எதுக்கு எழுந்து எழுந்து பாக்குற?" என்றாள். இன்று காலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்களே, இரவும் பகலும் மாதிரி. இரண்டையும் இந்தத் தகரப் பெட்டியில் எடுத்து வைத்தேன். சார் இன்று ஊட்டியில் மீட்டிங். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மேட்டுப்பாளையம் பிளான்ட், உங்க தங்கச்சி வீட்டுக்கு முன்னாலேயே வரும் என்றீங்களே, அங்கே ஃபரீதா மேடம் என்று தர அதிகாரி இருக்கிறார்கள். சால்வை போர்த்தினது அவர்கள்தான். இன்று நாலு மணி வரைக்கும்தான் இருப்பார்களாம். கிளம்புமுன் கனகாக்கா பேரை எடுக்கச் சொல்லி சார் அனுப்பியதில் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். போனில் கேட்டேன், அந்த ஆபீஸ் அண்ணன் சொன்னார். "மேடம்ட்ட பேசணும்னா சும்மா வாயால பேசாத பாப்பா, கையில ஏதாவது கொண்டு வா" என்றார். அதனால்தான் இது. வாயை எவன் நம்புவான், அதுவும் என் வாயை?

போட்டோவா? எடுத்தேனே. இந்தாங்க பாருங்க. தெரிகிறதா? என் மூக்கு. மூடிப் பளபளப்பில் ட்யூப்லைட்டும் என் மூக்கும்தான் விழுந்திருக்கிறது. இதைக் காட்டினால் மூக்கில் கிருமி இல்லை என்று வேண்டுமானால் எழுதிக் கொடுப்பார்கள்.

அப்பாடா, லாரியை நகர்த்திவிட்டார்கள். என் வயிறு எப்படிக் கத்துகிறது பாருங்க. மணி என்ன? இரண்டா! எத்தனை நேரம் நின்றிருக்கிறோம்! நீங்க பாதி நேரம் தூங்கிட்டீங்க அக்கா, நான் பார்த்தேன். கனகாக்கா கேனைத் தேய்த்த இடத்தில் தூங்கினீங்க. பரவாயில்லை.

இறங்க இறங்க என்ன வெயில்! மேலே சால்வை கேட்கிறது, இங்கே வியர்வை ஊற்றுகிறது. எனக்குக் கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. பெட்டியை மட்டும் நான் விடவே இல்லை பார்த்தீங்களா? காலையில் இருந்து அணைத்துப் பிடித்தபடியே. சார் மாவைக்கூட நான் இவ்வளவு பத்திரமாய்ப் பார்த்துக்கொண்டதில்லை.

அதோ பாக்குமரத் தோப்பு. இனி பத்து நிமிஷம். நாலு மணிக்கு முன்னால் போய்விடுவேன். மேடம் முன்னால் நிற்கும்போது முதலில் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டியைத் திறக்க வேண்டும். இது சூட்டில் வைத்தது மேடம், இது மாவுச் சூட்டில் வைத்தது மேடம், நீங்களே பாருங்க. அவ்வளவுதான். இருங்க, ஒரு தடவை திறந்து பழகிக்கொள்கிறேன். இந்த முடிச்சு ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது... சால்வை என்ன இப்படிக் கொதிக்கிறது...

அக்கா.

அக்கா, இதைப் பாருங்க. வலது கைத் தட்டு. இல்லை, இது வலதுதான், அடியில் நானே எழுதியிருக்கிறேன். புள்ளி. ஊசி முனை மாதிரி, தட்டு பூராவும். காலையில் இல்லையே! நீங்க பார்த்தீங்கதானே? வெறும் ஜெல்லிதானே இருந்தது?

ஐயோ. ஐயோ, நான் என்ன செய்திருக்கிறேன்.

சூட்டைப் பற்றித்தானே அக்கா காலையில் இருந்து உங்களுக்குப் பாடம் எடுத்தேன்? சூடு குறைந்தால் வளராது, சூடு கூடினால் வளரும் என்று. சொல்லிக்கொண்டே சால்வை சுற்றி, வயிற்றோடு அணைத்து, வெயில் பக்கம் உட்கார்ந்து, நானே முப்பத்தேழு டிகிரியாகி இதைப் பொரித்திருக்கிறேன்! கோழிகூட இவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் உட்காராது. பால் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஐஸ் பெட்டிக்கா பஞ்சம்? ஒரு ஐஸ் கட்டி போட்டுக்கொண்டு வரத் தோன்றவில்லை. கம்பளி சுற்றத் தோன்றியது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு தட்டைக் கொண்டுபோய் மேடத்திடம் என்ன வித்தியாசத்தைக் காட்டுவேன்?

பிளான்ட் ஸ்டாப் அதற்குள் வந்துவிட்டதா? இறங்குகிறேன் அண்ணா, கத்தாதீங்க. ஒரு நிமிஷம்.

அழவில்லை. வியர்வை. கொஞ்சம் அழுகைதான். நான் தோற்றால் எனக்குப் பழக்கம் அக்கா, வீட்டுக்குப் போய் தூங்கிவிடுவேன். கனகாக்கா நாளைக்குக் காலையிலும் கேனைத் தேய்ப்பாளே.

என்ன சொல்றீங்க? இல்லாததா முளைக்கும்?

திரும்பச் சொல்லுங்க.

ஆமாம். ஆமாம் அக்கா! காலையில் காலி, இப்போது நிறைய. தட்டைத் திறக்கவே இல்லை, டேப் அப்படியே இருக்கிறது. வழியில் ஏறி வந்து உட்கார்ந்ததா இது? உள்ளேயே இருந்ததுதான், சூடு கிடைத்ததும் எழுந்துவிட்டது. மூன்று மாசமும் இப்படித்தான் இருந்திருக்கும், இருபத்தெட்டில் படுத்துக்கொண்டு. மேடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் காலையில் காலியாய் இருந்தது என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் அந்த லேப் ஆள். அதோடு கனகாக்கா இருக்கிற லைன்காரி. என் போனில் இருப்பதோ மூக்கு.

நீங்க பார்த்தீங்க. கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் சாய்த்து, ஒன்றுமில்லை என்று நீங்களே பார்த்தீங்க. சால்வையும் உங்களுடையது. வர முடியுமா? உங்க தங்கச்சி வீடு பிளான்டைத் தாண்டித்தானே இருக்கிறது? அரை மணி நேரம். பேசக்கூட வேண்டாம், மேடம் கேட்டால் தலையை ஆட்டினால் போதும். இல்லை, பேசுங்க, நீங்களே பேசுங்க, நான் பேசினால் மாவில்தான் ஆரம்பிப்பேன்.

வர்றீங்களா? நிஜமாகவா?

பையைக் கொடுங்க, நான் தூக்குகிறேன். பெட்டியை நீங்க பிடிச்சுக்கங்க. பார்த்து, படி உயரம். அண்ணா, நாங்க இரண்டு பேரும் இங்கேயே இறங்கிக்கிறோம். அக்கா, என்ன பண்றீங்க? ஐயோ, மறுபடியும் போர்த்தாதீங்க அக்கா!